முகமும் உடம்பும் ஒரே ஆளுடையதாக: முதல் முறை ஃபிசிக் மேடை ஏறுகிறவர்களுக்கு

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அன்றைக்கு முகூர்த்தம் இல்லை, ஆணழகன் போட்டி. கூடவே, தசைக் கட்டையும் உடல் அமைப்பையும் மேடையில் காட்டுகிற ஃபிசிக் போட்டியில் பெண்கள் பிரிவும் வைத்திருந்தார்கள். 'மணமகள் அறை' என்று பலகை மாட்டிய அறையில்தான் பெண் போட்டியாளர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். கோபிப் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளை கண்ணாடி முன்னால் நின்றாள். தோளும் முதுகும் உளி வைத்துச் செதுக்கிய மாதிரி. உடம்புக்கு டேன், அதாவது மேடைக்காகத் தோலைக் கறுப்பாக்குகிற பூச்சு, மூன்று கோட் ஏறி, எண்ணெய் தேய்த்த தேக்குக் கதவின் நிறம். முகத்துக்கோ, அக்கா கல்யாணத்துக்குப் போட்ட அதே ஃபவுண்டேஷன். கழுத்துக்குக் கீழே ஒருத்தி, மேலே ஒருத்தி.

"அக்கா, முகம் தனியாத் தெரியுதுங்களா?" என்றாள்.

தெரிந்தது. துடைத்தெடுத்து மறுபடி போட இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் அவள் பம்ப் செய்திருக்க வேண்டிய நேரம், அதாவது மேடை ஏறும் முன் லேசாகப் பயிற்சி செய்து தசையை உப்ப வைக்கிற நேரம்.

நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். தம்பி ஆண்களுக்கான மென்ஸ் ஃபிசிக்கில் இறங்கியபோது அவன் முதுகுக்கு டேன் தேய்க்க ஆள் இல்லாமல் போய் நின்றேன். அப்படித்தான் இந்த வேலை கையில் ஒட்டிக்கொண்டது. கல்யாண மேடைக்கும் இந்த மேடைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் புரிந்துகொள்ளவே சில போட்டிகள் ஆயின. அங்கே முகம்தான் எல்லாம். இங்கே முகம் அந்த உடம்புக்குச் சொந்தமானதாகத் தெரிந்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

முதலில், ஏன் இவ்வளவு கறுப்பு?

அந்தப் பிள்ளையின் அம்மாவும் அன்றைக்குக் கூட வந்திருந்தார். "ஏஞ்சாமி, இருக்கற நெறத்தையும் கெடுத்துக்கோணுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நம் வீடுகளில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். பதில் சொல்லிவிடுவது நல்லது. மேடை விளக்கு எதிரே நின்று நேராக அடிக்கும். வெளுத்த தோலில் அந்த வெளிச்சம் பட்டால் தசைக்கும் தசைக்கும் நடுவே விழுகிற நிழல் கரைந்துவிடும். ஆறு மாதம் பட்டினி கிடந்து எடுத்த கட்டு, நடுவர் மேசையிலிருந்து பார்த்தால் மொழுக்கென்று தெரியும். அடர்ந்த, ஒரே சீரான நிறம் இருந்தால்தான் வயிற்றுக் கோடும் தொடைப் பிரிவும் எடுத்துக் காட்டும்.

இயல்பிலேயே கறுத்த நிறம் உள்ளவர்களுக்கு ஒரு கோட்டோ இரண்டு கோட்டோ குறைவாகப் போதும். சின்ன வயதிலிருந்து "கறுப்பு" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன்: இந்த மேடையில் உங்கள் நிறம் உங்களுக்குத் துணை. ஆனால் டேனே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். யாருக்கும் உடம்பு முழுக்க ஒரே நிறம் இருக்காது. டேன் அதைத்தான் சமன் செய்கிறது.

அதனால் தயவுசெய்து வெளுப்பாக்கும் கிரீம் எதையும் தொடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற பல டியூப்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று 2018இல் விதியை இறுக்கினார்கள். ஆனாலும் கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் எரியும். அந்தத் தோலின் மேல் எந்த மேக்கப்பும் நிற்காது.

மூன்று மாதம் இருக்கும்போது

சட்டையைக் கழற்றிவிட்டுப் பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரியாததெல்லாம் தெரியும்.

பைக்கில் போய் வருகிறவர்களுக்குக் கை இரண்டு நிறமாக இருக்கும். அரைக்கை பனியன் முடிகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி. பல்லடத்திலிருந்து தினமும் கோவைக்கு வண்டியில் போகிற ஒரு தம்பிக்கு இரண்டு மாதம் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும்தான் வைத்தியம். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கி, வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். இந்தக் கோடு டேனில் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள், மங்கும், போகாது.

கயிறுகளையும் பாருங்கள். ஆண்களுக்கு அரைஞாண் கயிறு, கையில் கோயில் கயிறு. பெண்களுக்குத் தாலி மஞ்சள் கயிறு. கயிறு கிடந்த இடத்தில் வெளுத்த தடமோ மஞ்சள் தடமோ இருக்கும். கயிறு உரசுகிற இடத்தில் டேனும் ஒட்டாது. நகைக்கான விதி, போட்டி நடத்துகிற அமைப்புக்கு அமைப்பு வேறு. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, எதைக் கழற்றுவது, எப்போது கழற்றுவது என்று வீட்டுப் பெரியவர்களோடு நிதானமாகப் பேசி முடித்துவிடுங்கள். போட்டியன்று காலையில் பேசுகிற பேச்சு இல்லை அது.

படர்தாமரை இருந்தால் முதலில் அதற்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஜிம்மில் துண்டு மாற்றிக்கொள்வதும், வியர்த்த உடுப்போடு திரிவதும் அதைப் பரப்பும். கடையில் கிடைக்கிற ஸ்டீராய்டு கலந்த கிரீம் அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். கழுத்துப் பிடரியில், அக்குளில் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள். பல நேரம் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பரு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வே புரோட்டீன் என்கிற பால் புரதப் பொடி சிலருக்குப் பருவைக் கூட்டுகிறது. உங்களுக்கு அப்படி என்று தோன்றினால் ஒரு மாதம் முட்டைக்கு மாறிப் பாருங்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது முட்டைக்கா பஞ்சம்? முதுகுப் பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு போட்டு ஓரிரு நிமிடம் விட்டுக் கழுவலாம். துணியில் பட்டால் சாயம் போய்விடும், வெள்ளைத் துண்டே வையுங்கள். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குளிப்பதும் பனியனைத் தினம் துவைப்பதும் பாதி வேலையைச் செய்துவிடும். ஊசி, மாத்திரை என்று ஹார்மோன் எடுப்பதால் கொத்தாகக் கிளம்புகிற பருவுக்கு என்னிடம் மேக்கப் கிடையாது. அதை நிறுத்தச் சொல்வேன், டாக்டரிடம் போகச் சொல்வேன். என் தம்பியாக இருந்தாலும் அதேதான்.

தோள் ஓரத்தில் வருகிற வரிகளை எந்தக் கிரீமும் முழுசாக அழிக்காது. பணத்தை அதில் போடாதீர்கள்.

தினசரிப் பராமரிப்பு எளிது. மிதமான ஃபேஸ் வாஷ், குளித்து ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் உப்புத் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கும், ஆடிக் காற்று நேரத்தில் போட்டி வருகிறவர்களுக்கும் மாய்ஸ்சரைசர் இரண்டு வேளை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உதட்டையும் முழங்கையையும் வெடிக்க வைத்துவிடும். உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் அருமையான பொருள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்று நான் சொல்வேனா? முகத்துக்கு மட்டும் வேண்டாம், பரு வருகிற தோலில் துவாரத்தை அடைக்கும்.

ஒரு மாதம் இருக்கும்போது: கையில் ஒரு உள்ளங்கை அளவு டேன்

இதை யாரும் செய்வதில்லை. செய்தால் பாதிக் கவலை தீரும்.

நீங்கள் போட்டிக்கு வாங்கியிருக்கிற அதே டேனை, முழங்கைக்கு உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு இரண்டு மூன்று கோட் போடுங்கள். 24 முதல் 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, தடிப்பு, சிவப்பு வந்தால் அது உங்களுக்கு ஆகாது. ஒன்றும் வரவில்லையென்றால், மறுநாள் அந்தக் கையோடு கடைக்குப் போங்கள். கோவை என்றால் கிராஸ்கட் ரோட்டில் ஒரு சுற்று. ஃபவுண்டேஷனைக் கன்னத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அந்தக் கறுத்த திட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கடைப் பெண் பழக்கத்தில் இரண்டு ஷேடு வெளுப்பானதைத்தான் எடுத்துத் தருவார். "இந்தத் திட்டு நிறத்துக்கு வேணுங்க" என்று காட்டுங்கள்.

மூன்று ஷேடை அடுத்தடுத்துக் கோடாக இழுத்து, பத்து நிமிடம் காயவிட்டு, வாசலுக்கு வந்து பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. டேன் செம்பழுப்பாக இருந்து ஃபவுண்டேஷன் சாம்பல் சாயலாக இருந்தால், அளவு சரியாக இருந்தாலும் முகம் நோயாளி மாதிரி இருக்கும். அவ்வளவு அடர்த்தியில் கிடைக்கவில்லையென்றால் கரும்பழுப்பில் பேன்ஸ்டிக் என்கிற குச்சி வடிவ மேக்கப் ஒன்று வாங்கி, இருக்கிறதோடு கலந்துகொள்ளலாம். கலவை அளவை எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு வந்து முழு முகத்துக்கும் போட்டு, இரவில் ஃபிளாஷ் அடித்துப் பத்தடி தள்ளி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்கைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் வெள்ளையாகப் பூத்திருந்தால், சிலிக்கா பவுடரோ, சிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள பூச்சோ காரணம். மேடை முகத்துக்கு அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

கடைசிப் பத்து நாள்

மஞ்சளை நிறுத்துங்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் மஞ்சள் பூசிக் குளித்த தோலில் டேன் ஏற்றினால் கழுத்தும் கையும் பழுத்த இலை நிறத்தில் நிற்கும். "நல்லா மினுங்கட்டும்" என்று பாட்டி ஆசையாகத் தேய்த்துவிட்டதில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆனதை என் கண்ணால் பார்த்தேன். கஸ்தூரி மஞ்சளும் வேண்டாம்.

ரெட்டினால், அடாப்பலீன் கிரீம்களையும், தோலை உரித்தெடுக்கிற பீல் வகைகளையும் ஒரு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். அவற்றைப் போட்ட தோலில் வாக்ஸிங் செய்தால் தோலே உரியும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாக்ஸிங் பக்கமே போக வேண்டாம். மற்றவர்கள் வாக்ஸிங்கை டேனுக்கு மூன்று நாள் முன்பும், ஷேவிங்கை ஒரு நாள் முன்பும் முடியுங்கள். புதிய ஃபேஷியல் எதையும் இந்த வாரம் முயன்று பார்க்காதீர்கள்.

டேனுக்கு முந்தைய நாள் பீர்க்கங்காய் நாரால் உடம்பு முழுக்க மெதுவாகத் தேய்த்துக் குளியுங்கள். முழங்கை, முட்டி, கணுக்கால், குதிகால் நான்குக்கும் கூடுதல் நேரம். செத்த தோல் தேங்கியிருக்கிற இடம் டேனை அதிகமாக உறிஞ்சி, கரி அப்பிய மாதிரி ஆகும். எண்ணெய்ப் பசை இருந்தால் அரப்பு போட்டு எடுத்துவிடுங்கள்.

தண்ணீரை அடியோடு நிறுத்துகிற பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உதடு வெடித்து, கண் குழிந்து, தோல் சுருங்கி வருகிறவர்களுக்கு முகம் போடுவது எனக்குச் சிரமம் என்பது சின்ன விஷயம். நீர் பிரிய வைக்கிற மாத்திரை இதயத் துடிப்பையே குலைக்கும், உயிருக்கே ஆபத்து. ஜிம் மாஸ்டர் சொன்னார் என்று போடாதீர்கள்.

டேன் போடும் நாள்

டேனில் வேலை செய்கிற பொருள் டி.எச்.ஏ. அது தோலின் மேல்தட்டில் உள்ள செத்த செல்களின் அமினோ அமிலத்தோடு சேர்ந்து பழுப்பாகிறது. சில மணி நேரத்தில் நிறம் கிளம்பி, ஒரு நாளுக்குள் முழுசாக ஏறி, ஐந்தாறு நாளில் தோல் உதிர உதிர மங்கும். இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானே விளங்கும். தோலுக்கும் டேனுக்கும் நடுவே எதுவும் இருக்கக்கூடாது. நிறம் ஏறும்வரை தண்ணீர் படக்கூடாது.

அதனால் அன்றைக்கு லோஷன், சென்ட், டியோடரண்ட் கிடையாது. தம்பியின் முதல் போட்டியில் நான் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவன் டியோடரண்ட் அடித்துக்கொண்டு வந்தான். கையைத் தூக்கி போஸ் கொடுத்தபோது இரண்டு அக்குளிலும் பாசி படிந்த மாதிரி பச்சை. அந்தப் படம் இன்னும் எங்களிடம் இருக்கிறது.

போடுகிற வரிசை: முழங்கை, முட்டி, கணு, பாதம் இவற்றில் மட்டும் சிட்டிகை மாய்ஸ்சரைசர், உள்ளங்கைக்கும் நகத்துக்கும் வாசலின். பிறகு கையுறை போட்டவர் கீழிருந்து மேலாக, சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். கோட்டுக்குக் கோட்டு நன்றாகக் காயட்டும். காதுக்குப் பின்புறம், அக்குள், விரலிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, உடுப்பின் விளிம்புக்கு உள்ளே இரண்டு அங்குலம், இவைதான் எல்லோரும் விட்டுவிடுகிற இடங்கள். ஸ்பிரே என்றால் கண்ணை மூடி, உதட்டை மறைத்து, மூச்சில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., டி.எச்.ஏ.வை மேல்தோலில் பூச மட்டுமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஐ.எஃப்.பி.பி. என்கிற சர்வதேச ஆணழகன் போட்டி அமைப்பின் விதிகளில், கையால் துடைத்தால் வந்துவிடுகிற பூச்சுக்கும் ஜிகினாப் பூச்சுக்கும் இடமில்லை. உங்கள் போட்டி எந்த அமைப்பினுடையது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரவுக்குத் திருப்பூரில் கிலோக் கணக்கில் கிடைக்கிற தொளதொள கறுப்பு பனியனும் பேன்ட்டும் போதும். படுக்கைக்குப் பழைய சென்னிமலை பெட்ஷீட்டில் நிறம் அடர்ந்ததாக ஒன்று. ஃபேனை வைத்துக்கொண்டு மல்லாந்து படுங்கள். கன்னத்துக்குக் கையை முட்டுக் கொடுத்தால் விரல் தடம் பதியும். வெளியூர்ப் போட்டி என்றால் முதல் நாளே போய்ச் சேர்ந்து, அங்கே போடுவது உத்தமம். டேன் பூசிய உடம்போடு வெயிலில் பஸ் ஏறினால் வியர்வை கோடு கோடாக இழுத்துவிடும்.

போட்டிக் காலை: முகம்

பெண்கள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முகம் கழுவி, லேசான மாய்ஸ்சரைசர், பிரைமர். பிறகு தேர்ந்தெடுத்து வைத்த ஃபவுண்டேஷனை நெற்றி முடியோரம், காது மடல், தாடைக்கு அடி, கழுத்து வரை இழுத்துக் கரைத்துவிடுங்கள். முகம் எங்கே முடிந்து உடம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி இரண்டு மெல்லிய கோட். ஒரே தடித்த கோட் வியர்வையில் வெடிக்கும்.

டயட்டின் கடைசியில் எல்லோருக்கும் கன்னம் ஒட்டியிருக்கும். கல்யாண மேக்கப் பழக்கத்தில் கன்னத்தில் கான்டூர், அதாவது குழி தெரியக் கறுப்பு நிழல், அடித்தால் எலும்பும் தோலுமாகத் தெரியும். தாடைக் கோட்டில் மட்டும் கொஞ்சம் போதும். அதற்குப் பதில் கண்ணுக்குக் கீழே ஒரு ஷேடு வெளுப்பாகக் கன்சீலர், கன்ன மேட்டில் செங்கல் நிறத்தில் பிளஷ். முகத்தில் உயிர் வந்துவிடும்.

புருவத்தை நன்றாக நிரப்புங்கள். இருபதடி தூரத்தில் முகத்துக்குச் சட்டம் போடுவது அதுதான். வீட்டுக் கண்மை வழியும்; நீரில் கரையாத ஜெல் லைனர், பழுப்பு ஐ ஷேடோ, மஸ்காரா. பொய் இமை வைப்பதென்றால் பசையையும் முன்பே கையில் பரிசோதியுங்கள். உதட்டுக்கு மெரூன் அல்லது செம்பழுப்பு. வெளிர் ரோஸ் போட்டால் உதடே இல்லாத மாதிரி இருக்கும். கடைசியில் செட்டிங் ஸ்பிரே. கூந்தலை முதுகு போஸுக்கு முன்னால் தள்ளிவிடுகிற மாதிரி கட்டுங்கள்.

ஆண்களுக்குப் பத்து நிமிடம். முந்தைய இரவே ஷேவ் செய்துவிடுங்கள். அதே நிறத்து ஃபவுண்டேஷன் ஒரு கோட், காதும் பிடரியும் சேர்த்து. எண்ணெய் வழியாத பவுடர், உதட்டுக்கு லிப் பாம். "நான் ஆம்பளைங்க, மேக்கப்பெல்லாம் வேண்டாம்" என்று கூச்சப்படுகிற தம்பிகளிடம் மேக்கப் இல்லாமல் எடுத்த முதல் போட்டோவைக் காட்டிவிடுவேன். பேசாமல் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். விபூதி, குங்குமத்தைக் காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் துடைத்துவிடலாம்; மேடையில் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும்.

மேடைக்குப் பின்னால்

இங்கேதான் நிறையப் பேருக்குக் கெடுகிறது. மண்டபத்துக் கழிப்பறையில் செம்புத் தண்ணீர் தொடையில் தெறித்தால் அந்தத் துளி போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு. காகிதக் கப், டிஷ்யூ கையோடு எடுத்துப் போங்கள். பெண்களுக்கு இது முக்கியம், வெட்கப்படாமல் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தண்ணீரை ஸ்ட்ராவில் குடியுங்கள், அரிசிப் பொரியோ வாழைப்பழமோ ஸ்பூனால் சாப்பிடுங்கள். வியர்வையைத் துடைக்காதீர்கள், டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள். பெரியவர்கள் யாராவது தோளில் தட்டி வாழ்த்த வருவார்கள். "முடிஞ்சதும் வாங்கிக்கறனுங்க" என்று கும்பிட்டுவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: மீதி டேன், கையுறை, அதே ஃபவுண்டேஷன், பஞ்சு, டிஷ்யூ, ஊக்கு, லிப்ஸ்டிக், கறுப்புத் துண்டு. மேடை ஏறும் முன் பளபளப்புக்கு எண்ணெய் தடவுவதென்றால் விதி அனுமதிக்கிற அளவில் சில துளி மட்டும்.

முடிந்த பிறகு

முதலில் முகம். எண்ணெய் வகை கிளென்சரால் கரைத்து, ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவி, மாய்ஸ்சரைசர். எவ்வளவு அசதியாக இருந்தாலும் மேக்கப்போடு தூங்காதீர்கள்.

உடம்புக்கு மறுநாள் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்து அரை மணி ஊறவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், அரப்பு, பீர்க்கங்காய் நார். ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும் என்று உரசினால் தோல் புண்ணாகும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று முறை போதும். அதுவரை திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். டேன் வெயிலைத் தடுக்காது, சன்ஸ்கிரீனை மறுபடி தொடங்குங்கள்.

நகக் கண்ணிலும் காது மடிப்பிலும் மட்டும் ஒரு வாரம் வரை நிறம் தங்கும். வீட்டில் கல்யாணமோ சீரோ வருகிறதென்றால் போட்டிக்கும் அதற்கும் நடுவே பத்து நாளாவது விட்டுப் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் சீர்த்தட்டு எடுத்து நிற்கிற கையில்தான் எல்லார் கண்ணும் விழும்.